அத்தான் அழித்த வரி

அக்காவின் கைபேசிக்கு நீல நிறத்தில் ஓர் உறை இருந்தது. அதன் ஒரு மூலை உடைந்து, அவளே பசை தடவி ஒட்டியிருந்தாள். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போன பிறகு, கடுகண்ணாவை வீட்டின் சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்தக் கைபேசியை அத்தான் எடுத்துப் புரட்டிப் பார்த்ததை நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் மத்தியானச் செய்தி போய்க்கொண்டிருந்தது. பல ஆஸ்பத்திரிகளில் பாவனையில் இருந்த ஓர் ஊசி மருந்தை உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த மருந்தின் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியும். அக்காவின் மரண விசாரணையில் அதை வாசித்திருந்தார்கள். அத்தான் விளையாட்டுச் செய்தி தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பி, "பாப்பா, இதுல நாலு பேரு பாக்குற மாதிரி எழுதணும்னா எப்படி எழுதுறது?" என்று கேட்டார். எனக்கு நாற்பது வயது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

அத்தான் அதுவரை யாரோடும் வாதாடி நான் பார்த்ததில்லை. கடுகண்ணாவையில் கண்டி வீதியோரமாக அவருக்கு ஒரு ஹாட்வெயார் கடை. பூட்டு சரியில்லை, பெயின்ட் நிறம் மாறிவிட்டது என்று யாராவது சத்தம் போட்டு வந்தால், பேசாமல் பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிடுவார். வாதாடுவதெல்லாம் அக்காதான். பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், கிராம சேவகர் அலுவலகத்தில், எங்கே அநியாயம் என்று பட்டாலும் அவள் குரல் முதலில் எழும். அத்தான் இரண்டடி பின்னால் நின்று, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "சரி, போலாமா?" என்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்ப இருந்த நேரத்தில் லேசாகக் காய்ச்சல் கண்டது. ஊசி மருந்து எழுதினார்கள். அத்தான் சுடுதண்ணீர் போத்தலை நிரப்பிவரக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே விடவில்லை. திரைக்கு வெளியே நின்ற அந்த நேரத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, பிள்ளைகளிடமும் பேசியதில்லை. அதன் பிறகு பத்திரிகைகளில் ஒவ்வொன்றாக வந்தது. அந்த மருந்து முறையாகப் பதிவு செய்யப்படாதது. அவசரக் கொள்வனவு என்று சொல்லி டெண்டர் இல்லாமல் வாங்கியிருந்தார்கள். வாங்கிக் கொடுத்த கம்பனிக்கும் மேலிடத்து அரசியல்வாதி ஒருவருக்கும் நெருக்கம். தரம் சரியில்லை என்று இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து முறைப்பாடு போயும் பெட்டிகள் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன.

முதல் பதிவை அவர் அக்காவின் முகநூல் பக்கத்திலிருந்துதான் எழுதினார். தனக்கென்று ஒரு பக்கம் வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. "நான் இவருடைய கணவர்" என்று தொடங்கி, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். இறந்தவள் எழுதுகிறாளா, இது காசுக்கு இயங்கும் போலிக் கணக்கு என்று கீழே எழுதினார்கள். ஒருவன் அக்காவின் படத்தைப் பார்த்துச் சிரிப்புக் குறி போட்டிருந்தான். அத்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அன்றைக்கே அவருடைய சொந்தப் பெயரில், அவருடைய சொந்த முகத்தோடு ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தேன்.

நான் கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்கிறேன். இரண்டு மொழியும் கைக்கு வரும். அத்தான் சிங்களம் சரளமாகப் பேசுவார், எழுத வாசிக்க வராது. வாதம் நடந்ததோ பெரும்பாலும் சிங்களத்தில். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, குண்டசாலையில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். முன்னறைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் தமிழில் சொல்ல, நான் சிங்களத்தில் தட்டுவேன். அவர்கள் எழுதியதை நான் வாசித்துச் சொல்வேன். கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டுத்தான் வாசிப்பேன். அவர் திரையை எட்டிப் பார்த்து, "இவ்வளவு நீளமா எழுதிருக்கான், நீ ரெண்டு வார்த்தை சொல்றியே. முழுசா வாசி" என்பார். வாசித்தால் முகம் மாறாது. எல்லாருக்கும் பதில் போடுவார். அம்மாவை இழுத்துப் பேசியவனுக்கும், மலையகத் தமிழரை இகழ்ந்து "தோட்டக்காட்டானுக்கு என்ன திமிர்" என்று எழுதியவனுக்கும் மரியாதையாகவே பதில் போகும். கோபம் வராதா என்று ஒருநாள் கேட்டேன். "உங்க அக்கா இருந்திருந்தா நல்லா கேட்டிருப்பா. எனக்கு அவ்வளவு பேச வராது. தெரிஞ்சத சொல்றேன்" என்றார்.

மருந்தின் பெயரைச் சொல்லி, அதை வாங்கியவர் யார், அனுமதித்தவர் யார் என்ற இரண்டையும்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கம்பனியின் சட்டத்தரணிகளிடமிருந்து மானநஷ்டக் கடிதம் வந்தது. கடைக்குச் சாமான் தந்துகொண்டிருந்த விநியோகஸ்தர் ஒருவர், மேலிடத்தில் கேட்கிறார்கள், கொஞ்சம் அடங்கி இருக்கக்கூடாதா என்று போனில் சொன்னார். சின்ன மகனும் பயந்துபோய், விட்டுவிடச் சொன்னான். அத்தான் அவனைத் திட்டவில்லை. "நீ படிப்பப் பாரு" என்றதோடு சரி. எழுதியதில் ஒரு சொல்லைக்கூட எடுக்கவும் இல்லை.

பிறகு எதிர்க்கட்சி அமைப்பாளர் ஒருவர் கடைக்கு வந்தார். கண்டியில் ஒரு கூட்டம், அண்ணன் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார். அத்தான் நம்பித்தான் போனார். நானும் கூடப் போனேன். மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் அக்காவின் முகம். பெரிய மகளின் பட்டமளிப்பில் எடுத்த படத்திலிருந்து மகளை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே கட்சிச் சின்னம், வாக்குக் கேட்கும் வாசகம். அத்தான் படியேறாமல் கீழேயே நின்றுகொண்டார். அமைப்பாளர் கையைப் பிடித்து இழுத்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னார்: "அவ யாருக்கும் ஓட்டு கேக்கல. படத்த இறக்குங்க. அப்புறம் பேசுறேன்." இறக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். அடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்துக்காரர்களும் அவரைத் திட்டத் தொடங்கினார்கள். ஆளும் பக்கம் விலைக்கு வாங்கிவிட்டதாம்.

அத்தான் தளர்ந்துபோனது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். தன் பக்கத்தில் வெள்ளைப் பூனையின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண், பெயரைச் சொல்லாமல், தொடக்கத்திலிருந்தே அவரோடு வாதிட்டுக்கொண்டிருந்தாள். திட்டமாட்டாள். ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்களுக்கு என்ன வந்ததோ அதைத்தான் அவர்கள் பாவிக்க முடியும், வேறு மருந்தே இல்லாத நாட்கள் அவை, தெரியாததை எழுதாதீர்கள் என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அதை வாசிக்கக் கேட்டுவிட்டு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எழுது" என்றார். "வாங்கினவன் பேரு எல்லாருக்கும் தெரியும். ஊசியப் போட்ட கை யாருதுன்னு நான் கண்டுபிடிப்பேன். அந்தக் கைக்கும் ஒரு பேரு இருக்கு." இது வேண்டாம் அத்தான் என்றேன். "எழுது பாப்பா" என்றார். எழுதினேன்.

அவர் எழுதிய எதுவும் அந்த ஒரு வரியைப்போலப் பரவவில்லை. டெண்டர், பதிவு, அனுமதி என்றால் வாசிக்காமல் தாண்டிப் போனவர்கள் எல்லாம் இதைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த வார்ட்டில் வேலை செய்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினார்கள். யாரோ ஒரு தாதியின் கல்யாணப் படத்தை எடுத்துப் போட்டு, "இவள்தான்" என்று எழுதினார்கள். அவள் அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவளே அல்ல என்பது பிறகு தெரிந்தது. கம்பனியைப் பற்றியோ மேலிடத்துக்காரரைப் பற்றியோ அந்த வாரம் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வெள்ளைப் பூனையிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. உங்களைச் சந்திக்க வேண்டும், வீட்டுப் பெண் ஒருவரையும் கூட்டிவாருங்கள் என்று.

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் சந்தித்தோம். முப்பது வயதிருக்கும், மெலிந்த பெண், முந்தானையால் கையைத் துடைத்தபடியே இருந்தாள். கொண்டுவந்த தேநீரைத் தொடவில்லை. சிங்களத்தில்தான் பேசினாள். அத்தானுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்க தேடுற கை என்னோடதுதான், ஐயா. அந்த ஊசிய நான்தான் போட்டேன்."

காலையிலேயே வேறொரு நோயாளிக்கு அதே பெட்டி மருந்தில் நடுக்கம் வந்திருக்கிறது. மேலே சொல்லியிருக்கிறாள். வேறு மருந்து இல்லை, இதையே கொடு என்று பதில் வந்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிறகு சொல்லிவைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு கைக்குழந்தை. கணவர் தூரத்தில் வேலை. பதிவுகளில் வாதிட்டதெல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா, உண்மையைச் சொல்லவா என்று தனக்கே தெரியவில்லை என்றாள். அழவில்லை. நாங்கள் ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார், அல்லது ஏதாவது கடுமையாகச் சொல்வார் என்று நான் பயந்தேன். தலையை நிமிர்த்தி, ஆஸ்பத்திரியில் தாதியைக் கூப்பிடுவதுபோல, "மிஸ், அவ பயந்தாளா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டு நாங்கள் கொஞ்சம் நிம்மதியாகத் திரும்பியிருப்போம்.

"பயந்தாங்க" என்றாள். "கை குளிருதுன்னு சொன்னாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். உங்களக் கூப்பிட்டாங்க. சுடுதண்ணி எடுக்கப் போனவரு வந்துட்டாரான்னு கேட்டாங்க. வந்துட்டாருன்னு சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் உங்க காலு தெரிஞ்சுது."

அத்தான் தலையை ஆட்டினார். பிறகு ஆறிப்போயிருந்த அவளுடைய தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, வேறொன்று சூடாகக் கொண்டுவரும்படி பையனிடம் சொன்னார். அதை அவள் குடித்து முடிக்கும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்து அந்த வரியை அழிக்கச் சொன்னார். அழித்தால் மட்டும் போதாது என்று புதிதாக ஒன்றும் எழுதச் சொன்னார். "ஊசி போட்ட கையைப் பற்றி நான் எழுதியது தவறு. என் மனைவி கடைசியாகப் பிடித்திருந்த கை அது. அவர்களைத் தேடுவதை நிறுத்துங்கள். வாங்கியவர் யார், அனுமதித்தவர் யார் என்ற என் கேள்விகள் அப்படியே இருக்கின்றன." எத்தனை லட்சம் வாங்கினாய் என்று அதன் கீழே கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் போட்டுவந்த மனிதர் அதற்கு மட்டும் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு வாசிக்கச் சொல்லிக் கைபேசியை என்னிடம் நீட்டுவதும் குறைந்துவிட்டது. எழுதுவதை விட்டுவிடவில்லை. விசாரணைக்கு அந்தப் பெண் தானாகவே போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவளைத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். மேலிடத்துக்காரர் பதவியில் இல்லை, பிணையில் இருக்கிறார். கம்பனி வேறொரு பெயரில் நடக்கிறது என்று கேள்வி. அன்று மேடை போட்ட அமைப்பாளர் இன்று வேறொரு விவகாரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்; அவரைத் திட்டுபவர்கள் அத்தானின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்துப் பகிர்கிறார்கள். வழக்கு நடக்கிறது. தவணை மேல் தவணையாக நாள் குறித்துத் தள்ளிப்போகிறது. அந்தப் பெண்ணும் அரசதரப்பு சாட்சி என்பதால், ஒவ்வொரு தவணைக்கும் அவள் விடிகாலையில் பஸ் ஏறி வருவாள். அத்தான் அவளுக்கும் சேர்த்துப் பேக்கரிப் பணிஸும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு வருவார். நீதிமன்ற வாங்குப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதிகம் பேசமாட்டார்கள். பிள்ளை நடக்கிறதா, மழையா, கடை எப்படி, அவ்வளவுதான்.

போன தவணையிலும் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அக்காவை வார்ட்டில் பார்த்ததும், கட்சிக்காரர்கள் ஒட்டிய சுவரொட்டிகளில் பார்த்ததும்தான் தனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டில் எப்படி இருப்பார் என்று.

அத்தான் மேல்சட்டைப் பையிலிருந்து பேர்ஸை எடுத்தார். அதற்குள் ஒரு சின்னப் படம் இருந்தது. நானும் அதைப் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் பூசாத சுவருக்கு முன்னால், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கைவரை சீமெந்தோடு அக்கா நிற்கிறாள். படம் எடுப்பவரை ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது வாயைப் பார்த்தாலே தெரிகிறது.

"இத நான் எங்கயும் போடல, மிஸ்" என்றார் அத்தான்.

அவள் படத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவளுடைய பஸ் வந்தது. அத்தான் கையைக் காட்டி அதைப் போகச் சொன்னார்.