இயந்திரத்துக்குக் கிடைக்காத பட்டப்பெயர்

வெண்ணுரை சர்வீஸில் பதினோரு வருடமாக அவள்தான் பதில். துணி துவைக்கும் மெஷின் மக்கர் செய்கிறது என்று யார் கூப்பிட்டாலும் அழைப்பு அவள் மேசைக்குத்தான் வரும். "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க" என்பதுதான் அவள் சொல்லும் வணக்கம். நனைந்த தரை, பிய்ந்த ஒயர் எல்லாம் விசாரித்த பிறகே, "இப்ப மாட்டி ஓடவிட்டு, போனைப் பக்கத்துல வைங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "பெல்ட் போச்சு." "டிரம்முல ஹேர்பின் கிடக்கு." பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். முதலில் சிரித்த மெக்கானிக்குகள், பிறகு அவள் சொன்ன பாகத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு ‘மெஷின் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். எழுதும் பதிலுக்கெல்லாம் அடியில் அதையே கையெழுத்தாகப் போட்டாள்.

வாடிக்கையாளர்களுக்குத் தானாகவே பதில் எழுதும் ஒரு சாட்பாட்டை முதலாளி வாங்கினார். பெயருக்கு அலைய வேண்டிய அவசியமே இல்லை என்றார்.

"மெஷின் அக்கான்னு வெச்சிடுவோம். ஊரே அறிஞ்ச பேரு!"

"அது என் பேரு சார்."

"பட்டப்பேருதானேம்மா? ரெண்டு பேரு வெச்சுக்கிட்டா தேய்ஞ்சா போயிடும்?"

அவள், அதை அமைக்க வந்திருந்த புரோகிராமரின் போனை வாங்கி, ‘தண்ணி வடியல’ என்று சாட்பாட்டுக்கு எழுதினாள். ‘கீழ்மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றுங்கள்’ என்று கண்சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது. பிளக்கைப் பற்றி மூச்சே இல்லை.

"யாருக்காவது ஷாக் அடிச்சா? அக்கா சொன்னாங்க, தொட்டேன்னுதானே சொல்வாங்க?"

"அதைச் சரி பண்ணிடலாம்க்கா," என்றான் புரோகிராமர்.

"பண்ணுப்பா. நாளைக்கு வேற ஒண்ணைத் தப்பா சொல்லும். அதைத் தன் பேர்லயே சொல்லட்டும்."

"பொம்பள பேருன்னா ஜனங்க பாசமா பேசுவாங்கம்மா," என்றார் முதலாளி.

"பதினோரு வருஷமா நான் வாங்கின பாசத்தை ஒரு நாள் என் சீட்டுல உக்காந்து கேட்டுப் பாருங்க சார்."

ஏவிய வேலையைச் செய்ய ஒரு கருவி வந்தால், உடனே அதற்குப் பெண்பெயரை மாட்டிவிட எந்த அறிவியல் சொல்லியிருக்கிறது? கணக்குப் போடும் மென்பொருளை யாரும் சித்தி என்று கூப்பிடுவதில்லை. திட்டு வாங்கும் வேலைக்கு மட்டும் அக்கா தங்கையெல்லாம் வேண்டியிருக்கிறது.

முதலாளி பிடித்த பிடியை விடவில்லை. பெயரை, சாட்பாட் ஓடப்போகும் மெசேஜ் செயலிக்காரர்களின் ஒப்புதலுக்கு அனுப்பினார். நிறுவனத்தின் பெயரோடு சம்பந்தமில்லை என்று திரும்பி வந்தது. முன்னும் பின்னும் நட்சத்திரப் படம் ஒட்டி அனுப்பினார். படங்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். மூன்றாவதாக, ‘வெண்ணுரை மெஷின் அக்கா நம்பர் ஒன்’. தற்பெருமை கூடாதாம்.

இதற்குள் அவள் அந்தச் செயலியின் விதிகள் மொத்தத்தையும் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்து முடித்திருந்தாள்.

"ஏழாவதைப் படிங்க சார். ஒரு ஆளோட பேரை வைக்கணும்னா அந்த ஆளே எழுதிக் கொடுக்கணும். நான் கொடுக்க மாட்டேன். அவங்க இன்னொரு தடவை மறுத்தா ஒரு மாசம் காத்திருக்கணும், அது ஒன்பதாவது."

முதலாளி இரண்டையும் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சரி தாயே, நீயே ஒண்ணு சொல்லித் தொலை."

"வெண்ணுரை சர்வீஸ் பாட்."

"சப்புன்னு இருக்கே!"

"இருக்கட்டும் சார். மனுஷி இல்லைன்னு தெரிஞ்சா போதும். முதல் வரியில பிளக்கைப் பிடுங்கச் சொல்லணும். அடுத்த வரி, ‘அக்காவிடம் பேச 2’."

மறுநாளே ஒப்புதல் வந்தது. பாட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நாற்பத்து மூன்று பேர் எழுதினார்கள். முப்பத்தெட்டுப் பேர் 2 அழுத்தினார்கள். பட்டியலை ஆட்டிக்கொண்டு முதலாளி அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"எல்லாரும் உன்னையே கேக்குறாங்க! அப்புறம் நான் எதுக்கும்மா இதை வாங்கினேன்?"

அவள் காதில் போன். கண்கள் மூடியிருந்தன. உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க சார். பேரிங் பேசுது."