ஒத்திகையில் இல்லாதவர்

பால்கோவா வைத்த சின்னக் காகிதக் கிண்ணத்தைப் பார்த்தாலே ஒரு நீட்டிய கை எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. அது எங்கள் சுபேதாருடைய கை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்கு நிர்வாக அதிகாரியாக வந்தவர். சுற்றுவட்டார மில்கள் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் தொழிற்பாதுகாப்பு மாநாட்டை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். நான் அவருக்குத் துணை.

அதுவரை மாநாடு என்றால் எங்களுக்குப் பந்தல், மைக், சாப்பாடு, கடைசி நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். சுபேதார் வந்து ‘இது ஒரு புராஜெக்ட்’ என்றார். வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, வண்ணத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். எவை தள்ளிப்போனால் மற்றதெல்லாம் தள்ளிப்போகுமோ, அவற்றை மட்டும் நூல் கட்டி இணைத்தார். மில்லில் நூலுக்கா பஞ்சம். மூலையில் சிவப்புத் தாள்கள் இருந்தன. கரண்ட் போனால், பேச்சாளர் மதுரையிலேயே மாட்டிக்கொண்டால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா ஏற்றிவரும் வண்டி கோயில் கூட்டத்தில் நின்றுபோனால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு. கடைசிச் சிவப்புத் தாளில் ‘நான் வராவிட்டால்’ என்று எழுதியிருந்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

மாநாட்டுக்கு முந்தின நாள் முழு ஒத்திகை நடத்துவது அவர் கொண்டுவந்த வழக்கம். பட்டப்பகலில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் மாநாட்டையே நடத்திப் பார்ப்போம். வராத விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவோம். யாருமில்லாத மண்டபத்துக்கு வணக்கம் சொல்லி, நாங்களே கைதட்டுவோம். ஓர் ஆண்டு, ஒத்திகை தொடங்கும் முன் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“இன்னைக்கு நான் வரலைன்னு வச்சுக்கோங்க. ஒருத்தரும் என்னைப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. என்னையத் தேடுனீங்கன்னா நான் போட்ட திட்டம் தோத்துப்போச்சு.”

சொல்லிவிட்டு எங்களுக்கு நடுவிலேயே நடமாடினார். வேண்டுமென்றே கேள்வி கேட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை. முதலில் விளையாட்டாக இருந்தது. சற்று நேரத்தில் பழகிவிட்டது. அவர் பேசுவது உண்மையிலேயே காதில் விழாமல் போனதை ஒரு கட்டத்தில் உணர்ந்தேன். கடைசி வரிசையில், மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கேன்டீன் அக்கா பால்கோவாத் தட்டோடு வந்தபோது கையை நீட்டினார். அக்கா ஒரு கணம் தயங்கிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவரே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. கடைசி வரிசையில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. “சார் இன்னும் பரீட்சை வைக்காவ. யாரும் போன் அடிச்சிராதீங்க” என்றார் அக்கா. யாரும் அடிக்கவில்லை. மாநாடு நூல் பிடித்த மாதிரி நடந்து முடிந்தது. சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சோழபுரத்தில் தனியாக இருந்த சுபேதாரின் பக்கத்து வீட்டுக்காரர் மண்டபத்துக்கு வந்தார்.

“இப்பத்தான் கதவ ஒடைச்சுத் தெறந்தோம். காலையிலயே உசிரு போயிருக்கும்போல. இம்புட்டு நேரமா அவியள ஒருத்தரும் தேடலையா?”

அவர் திட்டம் தோற்கவில்லை. அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது பொறுப்பு என்னுடையது. சுவர்த் தாள்கள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ஒத்திகை மட்டும் மாறவில்லை. அவருக்குப் பிறகு ‘வராதவராக’ இருக்க யாரும் முன்வந்ததில்லை. இந்த ஆண்டு நானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில், சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தேன். அதே அக்கா, தலை நரைத்துப்போய், தட்டோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் குனிந்து அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்தார்.

“சாப்பிடுங்க சார். அன்னைக்குக் குடுக்காமப் போயிட்டேன்” என்றார், எதிரில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.

பிறகு என்னைத் தாண்டிப் போனார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வரிசையில் அப்போது வந்திருந்தவர் அவர், வராதவன் நான். பால்கோவா வாசனை வந்தது. கை தானாக நீளப் பார்த்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.