இருபத்துநான்கு கதவுக் காலண்டர்

எங்கள் பள்ளியில் நவம்பர் கடைசி வாரம் ஒரு காலண்டர் விற்பார்கள். புது வருடக் காலண்டர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுகிற காலண்டர். கெட்டி அட்டையில் ஒரு பெரிய வீடு வரைந்திருக்கும். அதில் இருபத்துநான்கு சின்னக் கதவுகள். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து தினம் ஒரு கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு சாக்லேட் இருக்கும். விற்ற பணம் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களுக்குப் போகும் என்று பின்பக்கம் அச்சிட்டிருந்தது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அதிகமாக விற்கும் ஐந்து பேரை ஓர் இல்லத்துக்கு அழைத்துப்போய், அவர்கள் கையாலேயே பரிசு கொடுக்க வைப்பார்கள் என்று பிரேயரில் அறிவித்ததும் எனக்கு வெறியே வந்துவிட்டது. திருநகரில் செல்போன் கடை வைத்திருந்த மாமாவிடம் ஒரு கட்டுக் காலண்டரைக் கொடுத்தேன். ரீசார்ஜ் செய்ய வந்த ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை.

"வாங்கு மாப்ள, இல்லாத புள்ளைகளுக்குப் போகுது. இம்புட்டு சாக்லேட்டு எந்தக் கடையில தருவான்?"

ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தவர்கள்கூட, கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ண ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துமாரி மட்டும் வாங்கவில்லை. அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலை பார்ப்பதாகவும், தானும் தம்பியும் சித்தி வீட்டில் இருப்பதாகவும் சொல்லியிருந்தாள். சித்தி வைக்கும் மீன்குழம்பு, சித்தி சீரியல் பார்த்து அழுவது என்று அவளிடம் கதைகள் தீரவே தீராது. எனக்கு அப்படி ஒரு சித்தி இல்லையே என்று இருக்கும்.

வீடு வீடாக விற்கப்போகும்போது என்ன பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

"பாவம்னு சொல்லாதடி. சாக்லேட்டு நல்லாருக்கும்னு சொல்லு."

நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பாவம் ஆன்ட்டி, அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். நன்றாகவே விற்றது.

டிசம்பர் பிறந்ததும் தினமும் கதவைத் திறந்து, சாக்லேட்டில் பாதியை அவளுக்குக் கொண்டுபோனேன். அவள் தின்ன மாட்டாள். தாளில் சுருட்டி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொள்வாள். கேட்டால், "தம்பிக்கு" என்பாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் ஐந்து பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திருநகரைத் தாண்டி, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த இல்லம். கூட வந்த ஆசிரியை புதிதாகச் சேர்ந்தவர். எந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கும் தெரியாது. முற்றத்தில் குழந்தைகள் எண்ணெய் வைத்துத் தலை சீவி வரிசையாக நின்றார்கள். எங்களிடம் ஆளுக்குச் சில பைகளைக் கொடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கான பையில் ஒரு சுடிதாரும் ஒரு கதைப்புத்தகமும் இருந்தன. வாங்கிக்கொண்ட ஒவ்வொருவரும், சொல்லிக்கொடுத்தபடி, "நன்றி அக்கா" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ முத்துமாரி நின்றாள். ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்திருந்தாள்.

"ஏ முத்துமாரி! நீயும் குடுக்க வந்தியாடி?" என்று கத்திவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையனின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள்.

"நன்றி அக்கா."

என்னைவிட அவள் இரண்டு மாதம் மூத்தவள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. படம் எடுத்தவர், "அப்படியே சிரிம்மா" என்றார்.

சாயங்காலம் பள்ளி வாசலிலிருந்து மாமா ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்த நான், முத்துமாரி என்னை "அக்கா" என்றதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"பாப்பா, இத ஸ்கூல்ல யாருகிட்டயும் சொல்லிராத."

"ஏன் மாமா?"

"சொல்லாதன்னா சொல்லாத." அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்றே சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த விடுமுறையில் எனக்கு நடந்த வேடிக்கைகளிலேயே பெரியது அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப அந்தச் சித்தி?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். முத்துமாரி பையை மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

வந்து தன் இடத்தில்தான் உட்கார்ந்தாள். மதியம்வரை என் பக்கம் திரும்பாமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். பைகளை உத்தேசமாகத்தான் கட்டியிருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் அளவெடுத்தா வாங்கியிருப்பார்கள்?

"சுடிதார் பத்தலையாடி? டீச்சர்ட்டச் சொல்லி மாத்தித் தரச் சொல்லவா?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். எங்கள் பள்ளியில் பிறந்தநாள் அன்று மட்டும் கலர் உடுப்பில் வரலாம். பிப்ரவரியில் அவள் பிறந்தநாள் வந்தது. யூனிஃபார்மிலேயே வந்தாள். அடுத்த வருடம் வேறு பள்ளிக்கு மாறிப்போனாள்.

சுடிதார் அவளுக்குப் பத்தவில்லை, கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டுவிட்டாள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.