கார்டு சார் நின்ற வளைவு

கார்டு சாரின் சிவப்புக் கொடி, அவர் மனைவியின் பழைய ரவிக்கைத் துணியில் தைத்தது. ஓரங்களை மடித்துத் தைத்து, உடைந்த குடைக்கம்பில் செருகியிருந்தார். பெரும்பாக்கத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் எங்கள் காலனியின் பின்புறச் சாலை வளைவில், காலை எட்டு மணிக்கு அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு எழுபது வயது தாண்டிய ஒருவர் தண்ணீர் லாரிகளை நிறுத்துவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கேளம்பாக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு ஏற்கெனவே தாமதமாகியிருந்தது. அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் மின்சார ரயில்களில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள், "கார்டு சாரைக் கூப்பிடுங்க" என்று சொன்னால் வாசல் செக்யூரிட்டியிடம் போய் நிற்பார்கள். நலச்சங்கத்தின் செயலாளர் பதவியை வேறு யாரும் விரும்பாததால் அவரே தொடர்ந்து பார்த்துவந்தார். மோட்டார் எரிந்தாலும், தெருவிளக்கு அணைந்தாலும், நாய் கடித்தாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான் போகும். என் மாமனார் கொட்டும் மழையில் இறந்துபோன அன்று, நாங்கள் திகைத்து உட்கார்ந்திருக்க, ஃப்ரீசர் பெட்டியும் பந்தலும் அவர் ஏற்பாட்டில் வந்து சேர்ந்தன. அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் எங்கள் வழக்கப்படி என்னென்ன வேண்டும் என்று என் கணவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, மஞ்சள் துணியிலிருந்து மண்பானை வரை ஒன்று விடாமல் வாங்கிவந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் அந்தக் கூட்டத்தில் தோற்கடித்தோம். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிகள் எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்தன. அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் எங்கள் மூன்றாவது தெரு வழியாக நடந்து போவார்கள். ஒருநாள் இரண்டு சைக்கிள்கள் காணாமல் போயின. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த மாதமே, தெருமுனையில் சுவர் எழுப்பலாம் என்று தீர்மானம் வந்தது. கார்டு சார் எழுந்து, "இது நம்ம ரோடு இல்ல. லேஅவுட் போட்டப்பவே பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்தது. ஜனங்க நடக்குற வழியை அடைக்காதீங்க" என்றார். எதிர்த்துக் கை தூக்கியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நான் சுவர் வேண்டும் என்று தூக்கினேன். வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சுவர் எழும்பியதும் அந்தப் பிள்ளைகள் நடைபாதையே இல்லாத பின்புறச் சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியும் அங்கிருந்துதான் வருகிறாள். தாமதமாக வந்த ஒருநாள், நான் கேட்காமலே சொன்னாள்: "இன்னாக்கா பண்றது, செவுத்தச் சுத்திகினு வர்றதுக்கே அரை அவரு ஆவுது." பாத்திரத்தை அவள் வைத்த சத்தத்தில் மீதியும் புரிந்தது. கார்டு சார் பதவியை விட்டு விலகவில்லை. எங்கள் வீட்டுக் குழாய்களுக்கு வழக்கம்போல ஆள் அனுப்பினார். அதிகாரிகளுக்கு மனு போடச் சொன்ன தன் மனைவியிடம், "அவங்க வந்து இடிச்சா இவங்க அடுத்த மாசமே திரும்பக் கட்டுவாங்க. இவங்களே தெறந்தா மூட மாட்டாங்க" என்றாராம். பள்ளி நாட்களில் காலையும் மாலையும் வளைவில் போய் நின்றார். கார்களில் கடந்துபோன எங்களுக்குப் பிள்ளைகளைத் தாண்டவிட்டபடியே வணக்கம் வைத்தார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, லாரி ஒன்று அவர் கொடியைக் கடைசி நொடியில் பார்த்துப் பிரேக் போட்டது. அவர் பின்வாங்கிச் சேற்றில் வழுக்கி விழுந்தார். லாரி அவரைத் தொடவில்லை, ஆனால் ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்துவிட்டது. பின்னால் வந்த கார் என்னுடையது. அவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினேன். வலியில் முகம் வெளுத்திருந்தது. பள்ளிக்கரணையைத் தாண்டினோம். பிறகு, "அன்னைக்கு நீங்க கை தூக்கினதைப் பாத்தேன்மா. ரெண்டாவது வரிசை" என்றார்.

"அப்புறம் ஏன் சார் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா காரணம் சொல்லுவீங்க. அதை வெச்சு நான் என்ன பண்ண?" என்றார். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப கேக்குறேன். ஒரு மாசத்துக்கு எனக்குக் கை வராது. காலையில நீங்க வந்து நில்லுங்க" என்றார்.

அலுவலகத்தில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கினேன். முதல் நாள் நான் கொடியை நீட்டியதும் லாரிக்காரர் ஒருவர் என்னைக் கண்டபடி ஏசினார். மூன்றாம் நாள், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பையனுமாக வந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தச் செவுரு கட்னவங்கதானே நீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, இவன அந்தாண்ட வுட்ருங்க. எனக்கு பஸ்ஸு போயிடும்" என்று பையனின் கையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அந்தச் சின்னக் கை பிசுபிசுவென்று இருந்தது. அன்று முழுக்க அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. மாத முடிவில் பத்துப் பதினைந்து பிள்ளைகளின் பெயர்களும், யாருடைய அம்மாவுக்கு எங்கே வேலை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நானே எழுந்து சுவரைத் திறக்கச் சொன்னேன். நான் கட்டச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த கார்டு சார் கடைசியில்தான் வாயைத் திறந்தார். "முழுசா இடிக்க வேணாம். ஒரு கதவு வைப்போம். எப்பவும் தெறந்திருக்கட்டும்" என்றார். அவரிடம் பிடிவாதம் இருந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவும் தெரிந்திருந்தது என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் செய்த இரும்புக் கதவு பொங்கலுக்கு முன் வந்து சேர்ந்தது.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார். சர்ச்சில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பெஞ்சுகளில் அடுக்குமாடிக் குடும்பங்கள் முன்னதாகவே வந்து நிறைந்திருந்தன. காலனிக்காரர்கள் நாங்கள் வெளியே மரத்தடியில் நின்று ஜெபத்தைக் கேட்டோம்.

செயலாளர் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதக் கூட்டத்தில், புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒருவர் பாதுகாப்பு கருதி அந்தக் கதவை மூடிவிடலாம் என்றார். இங்கே எழுதிய அத்தனையையும் எழுந்து நின்று சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "மேடம், நீங்களே அப்ப சுவர் வேணும்னு சொன்னீங்களா? ஏன்?" என்றார்.

"அப்ப எனக்கு அந்தப் பக்கம் செல்வியைத் தவிர ஒருத்தரையும் தெரியாது. அவளையும் சமையலறை வரைக்கும்தான் தெரியும்" என்றேன். "நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு வாங்க. சிலரைக் காட்டுறேன்."

வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் கதவருகே, தூக்கம் கலையாத முகத்தோடு காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செல்வி வந்தாள். முதலில் அவளிடம் அவர் பெயரைச் சொன்னேன், பிறகு அவரிடம் அவள் பெயரை.