ஒன்பது லட்ச ரூபாய்த் துரு

கடலோரத்தில் இரும்பு என்று ஒன்று இருந்தால், மழைக்காலத்துக்கு முன்னால் அதைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தே தீர வேண்டும். திருவிடந்தை ரிசார்ட்டில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஜெரோம் கேட், ஜன்னல், தண்ணீர்த் தொட்டியின் ஏணி என்று ஒன்று விடாமல் அடித்தான். கையோடு கையாக, முன்பக்கப் புல்வெளியில் புதிதாக வந்து நின்ற துருப்பிடித்த இரும்புக்கும் அடித்துவிட்டான்.

அது சிற்பமாம். பெயர் 'என் ஊர்'. முதலாளியம்மா ஸ்ரீதேவி ஒன்பது லட்சம் கொடுத்து வாங்கியது. நாலு வளைந்த குழாய், ஒரு ஓட்டைத் தகரம். கொடுத்துவைத்த துரு!

"இன்னா ஜெரோமு பண்ணி வெச்சிக்கிற? அந்தத் துருதான்யா அதுல விசேஷமே," என்றார் மேனேஜர் அப்பாசாமி. அவருக்கே முகம் வெளிறிவிட்டது. "மேடம் வண்டி கோவளம் தாண்டிடுச்சி."

ஜெரோம் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரைத் தேடி ஓடினான். வேலை போனால் பின்கட்டு ரூமும் போய்விடும். மனைவி அன்பரசியும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் இருக்கிறார்கள். தின்னரை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தான். பெயின்ட் திட்டுத்திட்டாக வழிந்து இன்னும் அசிங்கமானது. அதற்குள் கார் வந்து நின்றது.

ஸ்ரீதேவி சிற்பத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க எந்த ஊரு?" என்று பெயின்ட் கையோடு நின்ற ஜெரோமைக் கேட்டாள்.

"செங்கல்பட்டு மேடம்."

அவள் முகம் மலர்ந்தது. "நான் பொறந்து வளர்ந்ததே அங்கதான். கொளவாய் ஏரி வந்தா ரயில்ல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுப்போம். ராட்டினங்கிணறு பக்கம் ஒரு பேக்கரி இருந்துதே, இப்பவும் இருக்கா?"

"கீது மேடம். சாயங்காலம் சூடா பன்னு போடுவாங்க."

"அந்த வாசனைக்காகவே சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போவேன்."

பள்ளிக்கூடம், மழையில் நனைந்த பஸ் ஸ்டாண்டு என்று பேச்சு நீண்டது. ஜெரோமும் பயம் தெளிந்து பதில் சொன்னான். ஒரு இடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். தப்பித்தோம் என்று அவனுக்கு மூச்சு வந்தது.

ஸ்ரீதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே இதமான குரலில் மேனேஜரிடம் சொன்னாள்: "சாயங்காலத்துக்குள்ள இவர் கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க. திட்டாதீங்க, பாவம், நம்ம ஊர்க்காரர்."

அன்பரசி ரூம் வாசலிலேயே நின்றிருந்தாள். "மேடம் இன்னா சொன்னாங்க?"

ஜெரோம் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினான்.

"நம்ம ஊரப் பத்திதான் ரொம்ப நேரம் பேசினாங்க," என்றான்.