காலால் ஓட்டும் மோட்டார்

ஏரிக்கரையில் அவளைத் துடுப்புக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து, மறுபக்கம் இழுத்து மடித்து அடுக்க வேண்டும். அந்த வேலை ஒரு தோளை எப்படி முறுக்கேற்றிவிடும் என்பதை அவள் துடுப்புப் போடும்போது பார்க்கலாம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் ஒரு கட்டடத்தில் வேலை பார்க்கும்போது தவறி விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரால் தூண்டில் வீச முடிந்தது, துடுப்பு வலிக்க முடியவில்லை. மீன்பிடிப்பையும் விட மனசில்லை. "நான் படகை ஓட்டறேன், நீங்க பிடிங்க" என்று அவள் துடுப்பை வாங்கிக்கொண்டாளாம். அதிலிருந்து விடுமுறை நாள் என்றால் இரண்டு பேரும் தண்ணீர்மேல்தான். பிடித்த மீனைக் கரையோரச் சாப்பாட்டுக்கடைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒன்றிரண்டு எடுத்துப்போவார்கள்.

ஏரிக்குப் போகும் சாலையில் கடைசிக் கட்டடம் என்னுடைய படகுச் சாமான் கடை. முன்னறையில் கயிறு, தூண்டில் முள், மிதவை. பின்னறையில் மோட்டார்கள், அவற்றை ஓட்டிப் பார்க்க ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அவள் என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்ததால் அவருக்கு நான் மச்சான் ஆனேன், எனக்கு அவர் மாப்பிள்ளை ஆனார். எதற்கும் முகம் சுளிக்காத மாப்பிள்ளை உலகத்தில் எனக்கு மட்டும்தான் கிடைத்தார் என்று சொல்லிச் சிரிப்பேன்.

ஒருநாள் சலவைக்கூடத்தில் விரிப்பின் முனை அவள் விரலில் நிற்காமல் நழுவியது. மறுநாளும் நழுவியது. அசதி என்று நினைத்தாள். பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், மாடியில், ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். என் கடைக்கு வந்து அவளே சொன்னாள்:

"நரம்புக்கும் சதைக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சாம்ணே. கையில ஆரம்பிச்சிருக்கு. மத்ததும் ஒண்ணொண்ணா லீவு போடுமாம்."

"மருந்து?"

"இருக்கு. லீவைத் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்."

துடுப்பு அதோடு நின்றது. சில வாரங்கள் கழித்து மாப்பிள்ளை தனியாக வந்தார். படகை மெதுவாக நகர்த்த பேட்டரியில் ஓடும் டிரோலிங் மோட்டார் ஒன்று வேண்டும் என்றார். மீனை மிரட்டாமல், கோரைப்புல் ஓரமாகப் படகை ஊர்ந்து போக வைப்பது அது.

"இழுவை அதிகமா இருக்கறதா குடு, மச்சான். அவளுக்கு மூச்சு முட்டுச்சுன்னா நான் சட்டுனு கரைக்கு வரணும்."

பின்பக்கம் மாட்டிக் கையால் திருப்பும் பெரிய மோட்டார் ஒன்றைக் காட்டினேன். அதைத் தட்டிப் பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார். ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. "அவளையும் கூட்டிட்டு வர்றேன். இல்லன்னா கோவிச்சுக்குவா" என்று போனார்.

அடுத்த விடுமுறையில் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் வைத்திருந்தாள். பெரிய மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்க ஒரு கையை வெளியே எடுத்தாள். விரல்கள் கைப்பிடியைச் சுற்றின. முறுக்க முடியவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன், மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அடுத்து ரிமோட்டில் ஓடுவது. கட்டைவிரலால் அந்தச் சின்னப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அதுவும் ஆகவில்லை.

"அது என்னண்ணே, மூலையில? தையல் மிஷின் மிதி மாதிரி இருக்கு?"

புதிதாக வாங்க வருபவர்களுக்கு அதை நான் காட்டுவதில்லை. பழகக் கொஞ்சம் நாளாகும். "அது காலால ஓட்டறதும்மா. படகோட முன்பக்கம் மாட்டணும். முன்பாதத்தை அழுத்தினா வலது பக்கம் திரும்பும், குதிகாலை அழுத்தினா இடது பக்கம். ஓரத்துல இருக்கற பொத்தானை மிதிச்சா ஓடும்."

"யார் வேணா ஓட்டலாமா?"

"கால் இருக்கற யார் வேணா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். "அப்ப நான் தகுதியான ஆள்தான். இப்போதைக்கு."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புரிந்தது. "ஓட்டப்போறது நான்தானே? நீ சும்மா உக்காந்து வந்தா போதும்மா."

"சும்மா உக்காந்து வர்றதுக்கு நான் என்ன மீன் கூடையா?"

அவர் என்னைத் துணைக்கு இழுத்தார். இழுவை குறைவு என்றார். அவர்கள் படகு சின்னது, அதற்கு இது தாராளம் என்றேன். முனை உயரமான படகாயிற்றே, அலையில் மோட்டாரின் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்துவிடாதா என்றார். அது நியாயமான கேள்வி. நீளத் தண்டு வைத்த மோட்டாராகத் தருகிறேன் என்றேன். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மோட்டாரைத் தொட்டியில் இறக்கி, மிதியை அவள் காலடியில் வைத்தேன். மிதித்தாள். விசிறி சுழன்று, திரும்பி, தொட்டித் தண்ணீரை மாப்பிள்ளையின் சட்டையில் வாரி அடித்தது. வெகுநாளைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சட்டையைப் பிழிந்துகொண்டே அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "நீ முன்னாடி உக்காந்தா உன் முகம் எனக்குத் தெரியாதே."

துடுப்புப் போடுகிறவர்கள் படகின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அவர் பின்னால் உட்கார்ந்து தூண்டில் போடுவார். ஆக, கல்யாணமானதிலிருந்து அந்தப் படகில் அவர்கள் முகத்துக்கு முகம் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

"இத்தனை வருஷம் பாத்தது போதும். இனிமேலாவது மீனைப் பாருங்க" என்றாள்.

அவர் வண்டியைப் பின்னால் எடுத்துவரப் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அதுக்காகவும்தாண்ணே. இந்த முகம் போகப்போக எப்படி ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவர் என் முதுகையே பாத்துட்டு வரட்டும்."

மோட்டாரை நானே மாட்டிக்கொடுத்தேன். படகின் முனையில் சாய்மானம் வைத்த இருக்கை ஒன்றைப் பொருத்தி, அதற்குப் பெல்ட்டும் வைத்தேன். முதல் சில நாள் படகு குடித்தவன் மாதிரி தள்ளாடியது. பிறகு கால் பழகிவிட்டது. கோரைப்புல் ஓரத்தை ஒட்டி, புல்லில் உரசாமல், தூண்டில் விழும் தூரம் மாறாமல் கொண்டுபோனாள். அந்த வெயில்காலம் முழுக்க அவர்களுக்குக் கிடைத்த மீன் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்கடைக்காரர் அவளிடம், "முதலாளியம்மா, கொஞ்சம் ஏரியில விட்டு வைங்க" என்பார்.

வெயில் தணிந்த சமயத்தில் மாப்பிள்ளை மிதியையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இடது பக்கம் திரும்ப மாட்டேங்குது. கேபிள்ல ஏதோ கோளாறு."

கொஞ்ச நாளாகவே கரையிலிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். படித்துறைக்கு வர அந்தப் படகு ஏரியை வலமாகப் பெரிய வட்டம் அடிக்கிறது என்று. நான் மிதியைப் பிரித்தேன். கேபிளை உருவிப் பார்த்தேன். பல்சக்கரத்தைப் பார்த்தேன். திரும்பப் பூட்டி, குதிகால் வைக்கும் இடத்தைக் கையால் அழுத்தினேன். விசிறி அழகாக இடது பக்கம் திரும்பியது. இன்னொரு தடவை அழுத்தினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு, மாப்பிள்ளை."

அவர் தன் கையாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். முன்பாதத்தைத் தூக்க முடியாதவர்களால் குதிகாலை அழுத்த முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"கேபிள்ல எண்ணெய் விட்டேன்னு அவகிட்ட சொல்லிடு, மச்சான்" என்றார்.

சொன்னேன். அவளும், "ஆமாண்ணே, எண்ணெய் காஞ்சு போயிருக்கும்" என்றாள். அப்போது அவள் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு ஒருமுறைதான் அவள் படகில் ஏறினாள். மாப்பிள்ளை தூக்கி வந்து முன்னிருக்கையில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டார். நான் கயிற்றை அவிழ்த்துவிட நின்றிருந்தேன். அவர் மண்டியிட்டு, அவள் பாதத்தை மிதியில் வைத்து, தன் கையால் அதை அழுத்தினார். படகு அசைந்தது.

"விடுங்க" என்றாள். அவர் விடவில்லை.

"பொம்மைக் கால் மாதிரி ஆட்டாதீங்க. விடுங்க." வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் கோபம் தெளிவாக இருந்தது. "நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து வழி சொல்றேன்."

இருக்கையைப் பின்னால் மாற்றினோம். அவர் முன்னால் உட்கார்ந்து மிதித்தார். அவள் சொன்ன வழி அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. படகு கோரைப்புல்லில் ஒன்றிரண்டு தடவை மாட்டி மாட்டி வெளியே வந்தது.

மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். கடைசி நாட்களில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். மூச்சுக்கு ஒரு இயந்திரம் இருந்தது. வெளியூரில் இருந்த அவர்கள் மகள் வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து பக்கத்திலேயே இருந்தாள். நான் பார்க்கப் போன அன்று துடுப்புக்காரியால் பேச முடியவில்லை. கண்ணால் மட்டும் என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, புல்லெல்லாம் மூழ்கிவிட்டது என்று ஏதேதோ சொல்லிவிட்டு வந்தேன்.

மழை விட்டதும் மாப்பிள்ளை தனியாகப் படகு எடுத்தார். நாலைந்து தடவை போனார். பிறகு ஒரு காலையில் மோட்டாரை நல்ல தோளில் சுமந்துகொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார்.

"இதை எடுத்துக்கிட்டு வேற குடு."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரொம்ப அமைதியா ஓடுது, மச்சான். பின்னாடி யாரும் இல்லைங்கறது நல்லாக் கேக்குது."

பின்னறையில் ஒரு பழைய பெட்ரோல் எஞ்சின் கிடந்தது. புகையும் இரைச்சலும் தாங்காமல் யாரும் வாங்காதது. அவர் அதைக் காட்டிக் கேட்டார். மீன் எல்லாம் ஓடிவிடும் என்றேன். ஓடட்டும் என்றார். இழுவையையும் கேட்கவில்லை, தண்டின் நீளத்தையும் கேட்கவில்லை. நான் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து காட்டியதும் தலையை ஆட்டினார்.

காலால் ஓட்டும் மோட்டாரை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாங்கிப் போனார். அவளை அவர் பார்த்ததில்லை. நல்ல மோட்டார் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

இப்போதும் விடுமுறைக் காலைகளில் அந்த எஞ்சின் சத்தம் கடைவரை கேட்கும். மாப்பிள்ளை ஏரி நடுவுக்குப் போய், தூண்டில் போடாமல் சுற்றிவிட்டு வருகிறார் என்கிறார்கள். மீன் பிடிக்க வருகிறவர்கள் என்னிடம்தான் வந்து சண்டை போடுகிறார்கள், உங்க மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன் என்று. சொல்கிறேன் என்று அனுப்பிவிடுவேன். இதுவரை சொல்லவில்லை.