அன்னாசிப் பாணியில் இறைச்சி உருண்டை

ஹஜ்ஜுப் பெருநாளெண்டா ஓட்டமாவடியில எல்லா வீட்டிலயும் அதே இறைச்சிக் கறிதான். அதால இண்டைக்கு நான் இறைச்சிய அரைச்சு, உருண்டை பிடிச்சுப் பொரிச்சு, அன்னாசியும் சீனியும் உறைப்புக்குக் கொச்சிக்காயும் போட்டுக் காய்ச்சின பாணிக்குள்ள போட்டன்.

பக்கத்து வீட்டு ராத்தா வந்து சட்டிய எட்டிப் பார்த்தா.

"இறைச்சிக்குச் சீனியா? நாசமாக்கிட்டாய் புள்ள."

நான் ஒரு பெரிய கோப்பை நிறைய உருண்டை போட்டு அவட வீட்டுக்கே அனுப்பினன்.

அசர் தொழுகைக்குப் பிறகு, சீலையால மூடின கோப்பையோட ராத்தாவே வந்தா. பெருநாள் சாப்பாடு போன கோப்பைய வெறுமையாத் திருப்புற பழக்கம் நமக்கில்ல. வட்டிலப்பம் மாதிரி ஏதும் இனிப்பாக்கும் எண்டு வாங்கிப் பார்த்தன். உள்ளுக்கு ஒரு முழு அன்னாசி.

"எனக்கில்ல. புள்ளைகளுக்கு இன்னும் வேணுமாம்" எண்டா, என்ட முகத்தப் பார்க்காம.

ராத்தாட புள்ளைகள் எல்லாரும் கட்டாரில.

நீங்களே சொல்லுங்க, இப்ப நான் ஆருக்கு உருண்டை பிடிக்கிற?